வத்சலா பாலைக் கீழே வைத்தாள்

சீவலங்குளத்தில், மூடிப்போன ரைஸ்மில்லின் கொட்டகைக்குள்ளே, மடியில் இலையும் தூளும் பரப்பிய சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிற பெண்கள் ஒரு மத்தியானம் போட்ட சத்தம், எங்கேயோ ஏற்காட்டு மலையில், ஒரு பங்களாவின் மாடியறையில், அதுவும் அச்சடித்துப் பல காலம் ஆகி அட்டையும் போய்விட்ட ஒரு நாவலுக்குள்ளே உட்கார்ந்திருந்த வத்சலா என்பவளுக்குக் கேட்டுவிட்டது. கேட்டதும் அவள் உதடுவரை கொண்டுபோன பால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, "யார் அது?" என்றாள்.

நாவலைப் படித்துக்கொண்டிருந்த வடிவு கொஞ்சமும் தடுமாறாமல், "யார் அது என்றாள் வத்சலா" என்று அதையும் சேர்த்துப் படித்தாள்.

"கேட்டுட்டா போலிருக்கு" என்றாள் மாடத்தி, நூலைக் கடித்துத் துப்பிக்கொண்டே. "பால என்ன செஞ்சா? அதச் சொல்லு."

வடிவு அடுத்த வரிக்குப் போனாள். "சன்னல் வழியா ரோஜாச் செடிக்கு ஊத்திட்டா சித்தி."

"செடி?"

"கருகிட்டு."

"நான் சொல்லல?" என்று மாடத்தி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த இலையை எடுத்தாள்.

அந்தக் கொட்டகையில் ஒருத்தி படிப்பதும் மற்றவர்கள் சுற்றுவதும் வழக்கம். படிக்கிறவளின் பங்கை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றிப் போட்டுவிடுவார்கள். சாயங்காலம் பீடிக்கடையில் அது அவள் பெயருக்கே போய்ச் சேரும். வடிவின் குரல் கூட்டத்தில் பேசினாலும் தனியாகக் கேட்கிற குரல் என்பதால், செண்பகவடிவு என்ற முழுப்பெயர் அவளுக்கே மறந்துபோகிற அளவுக்கு அவள் அங்கே வெறும் குரலாகவே இருந்தாள். இலை வெட்டவும் தூள் வைத்துச் சுருட்டவும் அவள் விரல்கள் எப்போதோ மறந்துவிட்டன. கதையில் ஒருத்தி குழி இருப்பது தெரியாமல் நடந்துபோனால், குழியைத் தெரிந்த கொட்டகை முழுக்கச் சத்தம் போடும். போகாதட்டி, திறக்காதட்டி, அவன நம்பாதட்டி என்று தொண்டை கட்டக் கத்துவார்கள். அவளுக்குக் கேட்காது என்று தெரிந்துதான் கத்துவார்கள், கத்திவிட்டுச் சிரிப்பார்கள், கதையில் பாதி ருசி அதில்தான் இருந்தது. வத்சலாவின் புருஷன் ராஜசேகர் பாலில் எதையோ கலக்கினதை முந்தின பக்கத்திலேயே படித்துவிட்டிருந்ததால் அன்றைக்குச் சத்தம் கொஞ்சம் கூடுதலாகப் போயிற்று, அவ்வளவுதான். கேட்கும் என்று யார் கண்டார்கள்!

வத்சலாவைப் பற்றிச் சொல்லும்போதே வடிவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வடிவுக்கு வருகிற மாதம் கல்யாணம். வாதம் வந்து படுத்த அப்பாவை அவர் காலம் முடிகிறவரை பார்த்துக்கொண்டதில் அவளுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அண்ணன் ஆவுடையப்பன் அலையாய் அலைந்து, செங்கரட்டில் லாரி வைத்திருக்கும் மாரித்துரையைப் பேசி முடித்திருந்தான். மாப்பிள்ளைக்கு இரண்டாம் தாரம். முதல் பெண்டாட்டிக்குப் புத்தி சரியில்லை, ஊரார் முன்னால் தீர்த்து அனுப்பியாயிற்று என்று வடிவிடம் சொல்லியிருந்தார்கள். நடந்தது வேறு. அந்தப் பெண்ணுக்குப் புத்தியில் ஒரு குறையும் இல்லை. மாரித்துரை அடித்த அடியில் இடது காதுதான் போயிற்று. செங்கரட்டு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், தாய்வீட்டில் இன்றைக்கும் இருக்கிறாள். யார் கூப்பிட்டாலும் வலது பக்கமாகவே திரும்புவாள். இது கொட்டகையில் எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் கூடச் சுற்றுகிற தங்கபுஷ்பத்துக்குச் செங்கரடுதான் பிறந்த ஊர், அதுவும் அதே தெரு.

ஆவுடையப்பன் விசாரிக்க வந்தபோது தங்கபுஷ்பம், "தங்கமான பிள்ள" என்றாள். அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சம்பந்தம் விசாரிக்க வருகிறவர்களிடம் சீவலங்குளத்தில் ஒருத்தரும் ஒரு காலத்திலும் வேறு மாதிரிச் சொன்னதில்லை. குடிகாரனைக் கலகலப்பான ஆள் என்பார்கள், கை நீட்டுகிறவனைக் கொஞ்சம் கோபக்காரர், மனசு வெள்ளை என்பார்கள். கல்யாணத்தைக் கலைத்தவள் என்ற பேர் வந்துவிட்டால் அவள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்புறம் யார் பெண் கொடுப்பது? விசாரிக்கிறவன்தான் சொன்னதை விட்டுச் சொல்லாததைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆவுடையப்பனுக்கு அலைந்து அலைந்து கால் ஓய்ந்திருந்தது, தங்கம் என்ற சொல்லே போதும் என்று எழுந்து போய்விட்டான்.

ஆக, இது இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது. வடிவுக்குத் தெரியாது. நீங்கள் சத்தம் போட்டும் ஒன்றும் ஆகப்போவதில்லை, பேசாமல் கேளுங்கள்.

வத்சலாவுக்குக் காது கேட்கிற விஷயம் மறுநாள் ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்று. யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அவ்வளவு சத்தம் போட்டால் கேட்காமல் எப்படி இருக்கும் என்றுதான் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். நாவலை இரவல் கொடுத்திருந்த நூலகர் சிவகடாட்சத்துக்கு மட்டும் கவலை பிடித்துக்கொண்டது. பக்கத்து ஊர் நூலகத்திலிருந்து அதே நாவலின் வேறொரு பிரதியை வரவழைத்துப் பார்த்தார். அதில் வத்சலா பாலைக் குடித்து அதே பக்கத்தில் செத்துப்போயிருந்தாள், அடுத்த பக்கத்தில் ராஜசேகர் ஊருக்காக அழுதுகொண்டிருந்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாள்முழுக்க யோசித்தார். பக்கத்தைக் கிழித்தால் சேதம், மடித்தால் சேதம், மையால் கோடு போட்டால் சேதம், ஆனால் கதாநாயகி பிழைத்துக்கொண்டால் அது சேதமா இல்லையா என்று எந்த விதியிலும் இல்லை. கடைசியில், பிழைத்தது நல்லதுக்குத்தான் என்று முடிவுகட்டித் தவணையை நீட்டி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு கொட்டகை வாசலில் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். டீக்கடைக்காரர்கள் வந்தார்கள், டவுன் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வந்தார்கள், ஊறின இலைத் துணியை இடுப்பில் வைத்தபடி வேறு தெருப் பெண்கள் வந்தார்கள், நகையெல்லாம் எடுத்து முடிஞ்சு வச்சுக்க தாயி என்று ஒருத்தர் சொன்னால் வத்சலா அடுத்த வரியில் நகையை எடுத்து முடிந்துகொண்டாள், பின்னால பாரு என்று ஒருத்தர் சொன்னால் திரும்பிப் பார்த்தாள், கதவத் தாழ்ப்பாள் போடு என்று எல்லாரும் சேர்ந்து சொன்னபோது தாழ்ப்பாள் விழுந்த சத்தத்தை வடிவு படித்தே முடிக்கவில்லை, கொட்டகையில் எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். கட்டு தளர்வாக இருக்கிறது, தூள் கொட்டுகிறது என்று சண்டை பிடிக்க வந்த பீடிக்கடை ஏஜெண்டு, வந்த காரியத்தை மறந்து சாக்கை விரித்து உட்கார்ந்து, "மாடிப்படில யாரோ வாரான் பாரும்மா" என்று எல்லாரையும்விடப் பலமாகக் கத்தினார்.

ஆனால் சொல்லிச் சொல்லியே வத்சலாவுக்குச் சந்தேகம் என்ற பேய் பிடித்துவிட்டது. யார் எதைக் கொடுத்தாலும் தொடமாட்டேன் என்றாள். சமையல்காரி சிவகாமி நல்லவள், நாவலிலேயே அவள் ஒருத்திதான் நல்லவள், அவள் கொண்டுவந்த ரசம் சாதத்தைக்கூடத் திருப்பி அனுப்பினாள். "ஏட்டி அவ நல்லவட்டி, வாங்கிச் சாப்பிடு!" என்று தங்கபுஷ்பம் கத்தினாள். வத்சலா காதைத் தீட்டிக்கொண்டு அந்தக் குரலைக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சொன்னாள், அதை வடிவு படித்தாள்:

"கெட்டவன் என்று சொன்ன குரலை நம்பினேன், பிழைத்தேன். நல்லவள் என்று சொல்கிற குரலை எப்படி நம்புவது? இவரையும்தான் எல்லோரும் நல்லவர் என்றார்கள். என் அப்பா விசாரித்தபோது பக்கத்து வீட்டு மாமி, தங்கமான பையன் என்றுதானே சொன்னாள்?"

கொட்டகையில் கத்திரிகள் நின்றன. "அந்த மாமிக்காரி மட்டும் வாயத் தெறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு பாடு உண்டுமா?" என்று வடிவு ஆற்றமாட்டாமல் சொன்னாள். "அவள்லாம் நல்லா இருப்பாளா? அவ நாக்கு அழுவிப் போவாது?"

தங்கபுஷ்பம் கைப்பிடித் தூளைத் தவறவிட்டாள். மாடத்தி கூரையைப் பார்த்தாள். கதை நெஞ்சைத் தொட்டுவிட்டது போலிருக்கிறது என்று வடிவு நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினாள்.

அவளும் மடச்சி இல்லை. எங்கேயோ என்னவோ சரியில்லை என்று அவளுக்கும் பட்டுக்கொண்டேதான் இருந்தது. கல்யாணப் புடவையின் கலரைச் சொன்ன அன்றைக்கு ஒருத்தியும் கரை என்ன, முந்தி என்ன என்று கேட்கவில்லை. புடவை விஷயத்தில் இவர்கள் கேள்வி கேட்காமல் இருப்பது, மழைக்காலத்தில் தவளை கத்தாமல் இருப்பது மாதிரி. மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போது, விட்ட பக்கம் மறந்துபோகாமல் இருக்க நாவலை விரித்தபடி சாக்கின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவாள். திரும்பி வருகிறபோது வாசலுக்கு வெளியே வரைக்கும் கேட்கிற பேச்சு, அவள் தலை தெரிந்ததும் கத்தரித்தது போல நிற்கும். ஏதோ இருக்கிறது. என்ன இருக்கும்? வடிவு ராத்திரி பகலாக யோசித்தாள். பொறாமை என்று முடிவு செய்தாள். முப்பது தாண்டினவளுக்கு லாரிக்கார மாப்பிள்ளை வாய்த்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? அதிலும் தங்கபுஷ்பத்தின்மேல் அவளுக்குத் தனிச் சந்தேகம். அவள் கண்ணைப் பார்த்துப் பேசுவதே இல்லை, கல்யாணப் பேச்சு எடுத்தாலே இலை நனைக்க எழுந்து போய்விடுகிறாள். தங்கபுஷ்பத்துக்குக் கல்யாணமாகாத தங்கச்சி ஒருத்தி வீட்டில் இருந்தாள், மாரித்துரையை அவளுக்குப் பார்த்து வைத்திருந்திருப்பாள் என்று வடிவுக்குத் தோன்றியது. தோன்றிய பிறகு எல்லாம் அதற்குத் தோதாகவே நடந்தது. அன்றிலிருந்து வளையல் வாங்கினதையும் பூவுக்குச் சொன்னதையும் அவள் கொட்டகையில் வாய்விடவில்லை. கண் பட்டுவிடும் என்று பயம்.

இந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்துத் தமிழய்யா சங்கரபாண்டியன் வந்தார். ஊரே வந்து பார்க்கிற ஒரு விஷயத்தைத் தான் வந்து விளக்காமல் இருப்பது முறையில்லை என்று அவருக்குப் பட்டிருக்கும். சாக்கில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"இதுக்கு நாடக முரண்னு பேரு. மேடையில நிக்கிறவனுக்குத் தெரியாது, கீழ இருந்து பாக்கிறவனுக்குத் தெரியும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்குல்லா, அதுக்குள்ளதாம்மா இலக்கியமே இருக்கு. நீங்க சத்தம் போட்டு அத அடைச்சிட்டீங்க."

"பிள்ள பொழச்சாளா இல்லையா?" என்று மாடத்தி கேட்டாள்.

"பொழச்சா. இலக்கியம் செத்துப்போச்சு."

"அப்ப அதுக்குப் பதினாறு நீங்க நடத்துங்க. எங்களுக்குப் பிள்ளதான் முக்கியம்."

வடிவுக்கு அய்யாவின் பேச்சில் ருசி தட்டியது. "அதெப்படிங்கய்யா கண்டுபிடிக்கது? படிக்கையிலேயே, இந்தப் பிள்ளைக்கு விஷயம் தெரியாதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"சுலுவு. எல்லாரும் சிரிக்காத எடத்துல ஒருத்தி மட்டும் சிரிப்பா. எல்லாரும் வாய மூடிக்கிட்ட எடத்துல ஒருத்தி மட்டும் பேசுவா. அவளச் சுத்தி இருக்கவங்க முகத்தப் பாரு, அவ முகத்தப் பாக்காத. அவளுக்குத்தான் தெரியாதுன்னு தெரிஞ்சுபோவும்."

"நம்ம வத்சலா மாதிரியா?" என்று கேட்டு வடிவு சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. அய்யாவும் அதைக் கவனிக்கவில்லை. சொல்லிக் கொடுக்க வந்தவர், சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஊருக்கு வேறொரு யோசனை ஓடியது. பங்களாவுக்குள் இருக்கிறவளை இந்தப் பக்கம் நாம் படிக்கிறோம், நம்மை எந்தப் பக்கம் யார் படிக்கிறார்களோ? யாராவது படிக்கத்தான் செய்வார்கள், நமக்கு ஒரு கெடுதல் வரும்போது அவர்களும் சத்தம் போடாமலா இருப்பார்கள்? இப்படி யார் முதலில் சொன்னது என்று தெரியவில்லை, ஆனால் சொன்ன கையோடு சீவலங்குளத்தில் நடமாட்டம் மெதுவாகிவிட்டது. பஸ் படிக்கட்டில் ஒரு காலை வைத்துவிட்டு, மறு காலைத் தூக்குமுன் கொஞ்சம் நின்று காது கொடுத்தார்கள். டீயை வாங்கி, உதட்டில் வைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆடை படிந்த பிறகுதான் குடித்தார்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போனவர் பேனாவை உயர்த்திப் பிடித்தபடி கூரையைப் பார்த்தார். கண்டக்டர்களும் கடைக்காரர்களும் முதலில் திட்டினார்கள், பிறகு அவர்களும் நின்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு சத்தமும் வரவில்லை. வராதது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், ஆனால் மனுஷ புத்தி அப்படியா? சத்தம் இல்லை என்றால் கெடுதல் இல்லை என்று அர்த்தமா, இல்லை, தெரிந்துகொண்டே பேசாமல் இருக்கிறார்கள் என்று அர்த்தமா என்று பக்கத்தில் நிற்கிறவன் முகத்தை எல்லாரும் ஓரக்கண்ணால் பார்க்கத் தொடங்கினார்கள். "என்ன ஒண்ணும் சொல்லாம நிக்க? என்னமும் தெரியுமா?" என்று அண்ணன் தம்பிக்குள்ளேயே கேட்டுக்கொண்டார்கள். பேசாமல் இருப்பவன்மேல் சந்தேகம் விழுந்தது, அதனால் எல்லாரும் எதையாவது பேசிக்கொண்டே இருந்தார்கள், சொல்ல வேண்டியதை மட்டும் யாரும் பேசவில்லை.

வடிவும் ஜவுளிக்கடைப் படியில் ஒரு காலை வைத்து நின்றாள். கூட வந்த மைனி, அண்ணன் பெண்டாட்டி, முன்னால் போய்விட்டாள். வடிவு கண்ணை மூடிக் காதைக் கொடுத்தாள். தெருவில் கரும்புச்சாறு மெஷின் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. எனக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று சந்தோஷமாகப் படியேறினாள். இதை எழுத எனக்கு மனசில்லை, ஆனாலும் அப்படித்தான் ஏறினாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் கொட்டகையில் அவளுக்குக் கடைசி வாசிப்பு. மறுநாள் முகூர்த்தம் முடிந்ததும் செங்கரட்டுக்குப் போய்விடுவாள், அப்புறம் யார் படிப்பார்கள் என்று பேச்சு வந்தது, சுற்றுகிறவர்களில் ஒருத்தியான ஞானசெல்வம் படிக்கட்டும் என்று முடிவாயிற்று. சாயங்காலம் பந்தலுக்கு ஆள் வருகிறது என்று மைனி சொல்லியிருந்ததால் வடிவு சீக்கிரமாகவே வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு வாசலில் கூட்டம் இல்லை. வெறுமனே கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கதாநாயகியை எத்தனை நாள்தான் பார்ப்பது என்று ஊர்க்காரர்கள் சலித்துப்போயிருந்தார்கள். கொட்டகைப் பெண்கள் மட்டும் இருந்தார்கள். வடிவு சாக்கின்மேல் கவிழ்ந்து கிடந்த நாவலை எடுத்து மடியில் நிமிர்த்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள்.

"வத்சலா எழுந்தாள். தாழ்ப்பாளைத் திறந்தாள். மாடியறையை விட்டு வெளியே வந்து, வராந்தாவின் கடைசி வரை நடந்து, அதற்கு மேல் தரை இல்லாத இடத்தில் நின்றாள்."

"நல்லது, எந்திரிச்சிட்டா" என்றாள் மாடத்தி.

"அங்கே நின்றுகொண்டு அவள் பேசினாள். 'என்னைப் படிக்கிறவளே, உன் முகம் எனக்குத் தெரியாது, உன் குரல் தெரியும். உனக்குப் பின்னால் இருக்கிறவர்கள் குரலும் தெரியும். நீ சாப்பிடப் போகும்போது என்னைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறாய். எனக்குக் காது கேட்கும் என்பது அவர்களுக்கு அப்போது மறந்துபோகிறது. என் முதுகுக்கு மேலே உட்கார்ந்து அவர்கள் பேசுகிறார்கள்.'"

கத்திரி ஒன்று கீழே விழுந்தது. வடிவு நிறுத்தவில்லை. எவ்வளவோ வருஷமாகப் படித்துப் பழகின வாய், கண் காட்டுகிற வழியில் போய்க்கொண்டிருந்தது. கேட்கிறவர்களுக்கு அர்த்தம் போய்ச் சேர்ந்த பிறகுதான் படிக்கிறவளுக்கு வந்து சேரும்.

"'நாளைக்கு உனக்குக் கல்யாணம். அவன் பெயர் மாரித்துரை. அவனுடைய முதல் மனைவிக்கு...'"

"ஏட்டி படிக்காத!" என்று மாடத்தி கத்தினாள்.

"நிறுத்துட்டி! வடிவு, நிறுத்து!" என்று எல்லாரும் கத்தினார்கள். ஞானசெல்வம் எழுந்து வந்து நாவலைப் பிடுங்கக் கையை நீட்டினாள். இத்தனை நாளும் வத்சலாவுக்காகப் போட்ட அதே சத்தம், அதே தொண்டைகள். வடிவு நாவலை நெஞ்சோடு ஒட்டித் திருப்பிக்கொண்டு, அந்தச் சத்தத்துக்கு நடுவே, கூட்டத்தில் பேசினாலும் தனியாகக் கேட்கிற அந்தக் குரலில், வாக்கியத்தை முடித்தாள்.

"'புத்தி நன்றாகத்தான் இருக்கிறது. அவன் அடித்ததில் இடது காது போய்விட்டது. ரயில்வே கேட்டுப் பக்கத்தில் தாய்வீட்டில் இருக்கிறாள். உன்னோடு இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும்.'"

அதற்கு அப்புறம் அந்தப் பக்கத்தில் எழுத்து இல்லை.

வடிவு தலையை நிமிர்த்தினாள். தமிழய்யா சொன்னது போல முதன்முதலாக அவள் சுற்றி இருக்கிறவர்கள் முகத்தைப் பார்த்தாள். மாடத்தி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானசெல்வம் நீட்டின கையை என்ன செய்வது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். தங்கபுஷ்பம் சுளகுக்குள்ளே குனிந்து, இல்லாத தூளைத் தேடிக்கொண்டிருந்தாள். வடிவு அந்த வரியை இன்னொரு தரம் பார்த்தாள். ஆனாலும் நம்பிக்கை என்பது அவ்வளவு லேசில் விடுமா? அவள் சிரிக்கப் பார்த்தாள்.

"இவ சொல்லுதது பொய்தானக்கா?" என்று தங்கபுஷ்பத்தைக் கேட்டாள். "இவதான் எல்லாரையும் சந்தேகப்படுவாள்லா. ரசம் சாதம் கொடுத்தவளையே சந்தேகப்பட்டவ. கிறுக்கி. பொய்தான?"

ஆமாம் பொய்தான் என்று சொல்லிவிட எவ்வளவு நேரம் ஆகும்? அந்தப் பொய்க்கு வடிவே கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்ற மாதிரி இருந்தது. யாரும் அந்த வழியாகப் போகவில்லை. உண்மை என்றும் ஒருத்தியும் சொல்லவில்லை. பந்தலுக்குச் சொல்லியாயிற்று, பத்திரிகை ஊர் ஊராகப் போயிருக்கிறது, விடிந்தால் முகூர்த்தம். இந்த நேரத்தில் வாயைத் திறக்கிறவள் யார்? அவள் வீட்டிலும் குமரி இருக்கிறாளே?

வடிவு நாவலைச் சாக்கின்மேல் வைத்தாள். கவிழ்க்காமல், முகம் மேலே பார்க்க வைத்தாள். எழுந்து வாசலுக்குப் போனாள். கொட்டகை வாசலில் ஒரே ஒரு படி. அதில் ஒரு காலை ஊன்றி, மறு காலைத் தூக்கி, தெருவில் இறக்காமல், அப்படியே நின்றாள். ஊரே நின்று பழகின நிலைதான். முதுகு கொட்டகையைப் பார்த்து இருந்தது, முகம் தெருவைப் பார்த்து இருந்தது. எதிரே டீக்கடையில் ஆட்கள் டீயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள், டவுன் பஸ் படிக்கட்டில் ஒருத்தர் தொங்கிக்கொண்டு நின்றார், எல்லாருமே காது கொடுத்துக்கொண்டுதான் நின்றார்கள். அந்தக் கால் தெருவில் படுகிறவரைக்கும்தான் நேரம். பட்டுவிட்டால் அவள் வீட்டுக்குப் போய்விடுவாள், மஞ்சள் பூசி உட்கார்ந்துவிடுவாள், பொய் என்று நம்பத்தான் அவளுக்கு ஆசையாக இருந்தது. தயவுசெய்து யாராவது சத்தம் போடுங்கள் என்று அவள் முதுகு கேட்டது. கேட்டதா இல்லையா என்று தெரியாது, எனக்கு அப்படித்தான் படுகிறது.

கால் இறங்கத் தொடங்கியது.

"ஏட்டி வேண்டாம்ட்டி! போகாதட்டி!"

தங்கபுஷ்பம் கத்தின சத்தத்தில் கொட்டகைத் தகரத்தில் உட்கார்ந்திருந்த புறாக்கள் அத்தனையும் எழும்பின. மடியிலிருந்த சுளகு கவிழ்ந்து தூளும் இலையும் தரை முழுக்கச் சிதறின. "அவன் கொலகாரப் பயட்டி! நான் பொய் சொல்லிட்டேன் உங்க அண்ணங்கிட்ட! வேண்டாம்ட்டி வடிவு!"

இத்தனை நாளாகக் காத்திருந்த சத்தம் சீவலங்குளத்துத் தெருவில் வந்து விழுந்தது, எல்லாரும் அதைத் தங்களுக்கென்றே எடுத்துக்கொண்டார்கள். டீக்கடையில் ஆடை படிந்த டீ வரிசையாகத் தரையில் கொட்டப்பட்டது. பஸ்ஸில் தொங்கினவர் குதித்து இறங்கி, எதற்கு இறங்கினோம் என்று தெரியாமலே வீட்டைப் பார்த்து ஓடினார். பத்திரத்துக்கு மேலே பிடித்த பேனா மூடியோடு பைக்குள் போயிற்று. அன்றைக்கு அந்த ஊரில் எத்தனை காரியம் நின்றது, அதில் எத்தனை நல்ல காரியம், எத்தனை கெட்ட காரியம் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

வடிவு காலைத் திரும்ப உள்ளே எடுத்து வைத்தாள். கண் கலங்கித்தான் இருந்தது, ஆனால் அழவில்லை. மேலெல்லாம் எரிகிற கோபம். நேரே தங்கபுஷ்பத்தின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். வழக்கமாக அவள் உட்காருகிற சாக்கில் இல்லை, சுற்றுகிறவர்கள் வரிசையில், அவள் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். கவிழ்ந்து கிடந்த சுளகை நிமிர்த்தித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஈர இலை ஒன்றையும் கத்திரியையும் எடுத்தாள்.

"மொதல்லருந்து சொல்லு" என்றாள். "ஒண்ணையும் விடாத. நல்லவன்னு ஒரு வார்த்த வந்துது, கத்திரியாலயே குத்திருவேன்."

தங்கபுஷ்பம் அழுகையைத் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். அந்தப் பெண்ணின் பெயர் என்ன, அவளை எந்தத் தெருவிலிருந்து எப்படிக் கட்டிக்கொண்டு வந்தான், முதல் அடி எந்தத் திருவிழாவில் விழுந்தது, கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு யார் யார் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அதில் தன் அம்மா இருந்தாள், தானும் இருந்தாள் என்பதுவரைக்கும் சொன்னாள். வடிவின் விரல்களுக்கு வேலை மறந்துபோயிருந்தது; இலை கிழிந்தது, தூள் சிந்தியது, நூல் முடிச்சு விழாமல் நழுவியது, மறுபடி எடுத்து மறுபடி சுற்றினாள். பந்தலுக்கு மூங்கில் கொண்டுபோன வண்டி பாதி வழியில் திரும்பி வந்து கொட்டகை வாசலைக் கடந்தபோதும் அவள் தலைதூக்கிப் பார்க்கவில்லை. சாக்கின்மேல் நாவல் விரிந்து கிடந்தது, அதன் வெற்றுப் பக்கத்தில் வத்சலா இல்லாமல் ஒரு பால் டம்ளர் மட்டும் இருந்ததாகவும், அதைக் கொண்டுவந்து வைத்தவன் மாடிப்படியில் நின்று வத்சலா, வத்சலா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்ததாகவும் பிற்பாடு ஞானசெல்வம் படித்துச் சொன்னாள். அப்போது அதை யாரும் கவனிக்கவில்லை. தங்கபுஷ்பம் சொல்லிக்கொண்டிருந்தாள், வடிவு சுற்றிக்கொண்டிருந்தாள்.